அடுத்த ஊரின் பெயரில் ஒரு கடைவீதி

பெங்களூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஏறி "கிருஷ்ணகிரி ஒண்ணு" என்று கேட்டால், டிக்கெட்டைக் கொடுப்பதற்கு முன் கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்: "ஊருக்குள்ள போவாதுண்ணா, பைபாஸ்லதான் எறங்கணும்." எல்லா பஸ்ஸும் அப்படியில்லை, உள்ளே வந்து போகிற பஸ்களும் நிறைய உண்டு. ஆனாலும் இந்த வாக்கியத்தைக் காதில் வாங்காத கிருஷ்ணகிரிக்காரர் இருக்கமாட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு மேம்பாலத்தடியில் பையும் கையுமாக இறங்கி, ஷேர் ஆட்டோ வருமா என்று பார்த்துக்கொண்டு நின்ற நாட்களுக்கு என்னிடம் கணக்கில்லை. சொந்த ஊர் வந்து சேர்ந்த பிறகும் இன்னும் ஊருக்குப் போகவேண்டியிருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கோ கிருஷ்ணகிரி என்றால் டோல்கேட். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து கிளம்பிய கார்கள் வரிசை கட்டி நிற்கும் இடம். "கிருஷ்ணகிரியா? நல்லாத் தெரியுமே" என்பார்கள். கொஞ்சம் தோண்டிக் கேட்டால் சுங்கச்சாவடியும், அதைத் தாண்டி காபி குடித்த ஓட்டலும்தான் தெரிந்திருக்கும். கடைவீதி அங்கிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்காமலே ஆயிரம் தடவை இந்த ஊரைக் கடந்து போகலாம்.

அந்தக் கடைவீதிக்கென்று ஒரு பெயரும் கிடையாது. மதுரையில் மாதங்களின் பெயரில் வீதிகள் இருக்கின்றன. கோவையில் ஒப்பணக்காரத் தெரு, தி.நகரில் ரங்கநாதன் தெரு. இங்கே ஆள் கூட்டம் நிற்கும் சாலைகளின் பெயர்களைக் கேளுங்கள்: பெங்களூர் ரோடு, சேலம் ரோடு, சென்னை ரோடு, ராயக்கோட்டை ரோடு, குப்பம் ரோடு. வயதானவர்கள் சிலர் இன்னும் மெட்ராஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். காந்தி ரோடு மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அடகுக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும் முக்கியமான சாலை, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மாநிலத்தில் இருக்கும் நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ரவுண்டானாவைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் பெயர் மாறிவிடும், கூட்டம் மாறாது.

இதைச் சோம்பேறித்தனமான பெயர் சூட்டல் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஊர் எதனால் உண்டானது, எதை நம்பிப் பிழைக்கிறது என்பதை இந்தப் பெயர்கள் சொல்லிவிடுகின்றன. சாலை எங்கெல்லாம் நகர்ந்ததோ அங்கெல்லாம் ஊரின் நடுப்பகுதியும் பின்னாலேயே நகர்ந்திருக்கிறது.

மலையடிப் பேட்டை

முதலில் மலைதான். கிருஷ்ணம் என்றால் கருப்பு, கிரி என்றால் மலை. ஊரில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரிகிற அந்தக் கரும்பாறையைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் கேட்கத் தோன்றாது. கிருஷ்ணதேவராயர் பெயரால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கோட்டை விஜயநகர காலத்தது என்பதால் அதற்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பாறைதான் போதுமான காரணமாகப் படுகிறது. மேலே கோட்டைச் சுவர்களும் சையத் பாஷா தர்காவும் இருக்கின்றன. ஊரில் பலருக்கு அது சையத் பாஷா மலைதான்.

இந்த வட்டாரத்துக்குப் பாராமகால் என்று பழைய பெயர். பன்னிரண்டு கோட்டைகள் இருந்த நாடு என்று பொருள் சொல்வார்கள். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே சமவெளிக்கு இறங்குகிற வழியைக் காக்க இத்தனை கோட்டைகள் தேவைப்பட்டன. படை இறங்கும் வழியும் பொதிமாடு இறங்கும் வழியும் ஒன்றுதான். அதனால் கோட்டை இருந்த இடத்தில் எல்லாம் அடிவாரத்தில் ஒரு பேட்டை இருந்தது. கோட்டைக்கு வேண்டிய தானியம், எண்ணெய், துணி, தோல் எல்லாம் அங்கே கைமாறும். கிருஷ்ணகிரியின் பழையபேட்டை அப்படி உண்டானது. நகரத்தின் முதல் கடைவீதி அதுதான்.

பேட்டையின் தலையெழுத்து, சண்டை வந்தால் முதல் அடி அதற்குத்தான் விழும். 1791இல் திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி கிருஷ்ணகிரியைத் தாக்கினார். பேட்டை கைக்குள் வந்துவிட்டது. மேல்கோட்டை வரவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. பாறைமேல் ஏறிப் பிடிக்க முடியாததை மேசைமேல் கையெழுத்தில் வாங்கினார்கள்.

கோட்டைச் சண்டையைவிட அதற்குப் பின் நடந்ததுதான் கடைவீதிக்கு முக்கியம். நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனவர். நிலத்தை அளந்து, ஜமீன்தார் யாரும் நடுவில் இல்லாமல் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் முதல் சோதனைகள் நடந்தது இந்தப் பாராமகாலில்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கிஸ்தியைக் காசாகக் கட்டவேண்டும் என்றால், கேழ்வரகையும் புளியையும் ஆமணக்கையும் முதலில் யாராவது காசாக மாற்றித் தரவேண்டும். அதற்கு மண்டி வேண்டும், தரகர் வேண்டும், அறுவடை வரை கடன் கொடுக்க ஆள் வேண்டும். படைக்குச் சரக்கு போட்ட பேட்டை, விவசாயிக்குக் காசு கொடுக்கும் பேட்டையாக மாறியதில் இந்த வரிமுறைக்குப் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இன்றைக்கும் கடைவீதியில் அடகுக்கடை, உரக்கடை, மண்டி மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதைக் கண்டால் அந்தக் கணிப்பு இன்னும் உறுதியாகிறது.

ரயில் வந்தது, போனது

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம், ஊட்டி ரயிலைவிடவும் சின்னது. 1876 முதல் 1878 வரை வந்த பெரும் பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு, தானியம் கொண்டுவர வழி இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் போடப்பட்ட பஞ்சப் பாதுகாப்புப் பாதைகளில் இதுவும் ஒன்று. மறு வருஷம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இதே மாதிரி இன்னொன்று வந்தது, அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே காணாமல் போய்விட்டன. பஸ்ஸோடும் லாரியோடும் அந்தக் குட்டி ரயிலால் போட்டி போட முடியவில்லை, போர்க்காலத்தில் இரும்புக்கும் தேவை இருந்தது.

பிறகு 1960களின் கடைசியில் சேலம்–பெங்களூர் ரயில்பாதை வந்தபோது அது தருமபுரி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போய்விட்டது. கிருஷ்ணகிரி விடுபட்டது. தேர்தலுக்குத் தேர்தல் ரயில் வாக்குறுதி வரும். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அதைக் கேட்டிருக்கிறேன்.

ரயில் இல்லாததால்தான் எல்லாம் சாலைமேல் வந்து விழுந்தது. ஸ்டேஷன் ரோடு என்று ஒன்று இருந்திருந்தால் ஊரின் லாட்ஜும் டீக்கடையும் குடோனும் அந்தப் பக்கம் போயிருக்கும். இங்கே ஸ்டேஷன் வேலையையும் நெடுஞ்சாலையே பார்த்தது.

ஐந்து பக்கமும் சாலை

வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊரின் கதை எளிது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து மும்பை வழியாகச் சென்னை போகும் 48ஆம் எண் சாலையும் பெங்களூரில் சேர்ந்து, ஓசூர் வழியாக ஒன்றாக வந்து, கிருஷ்ணகிரியில் பிரிகின்றன. ஒன்று சேலத்துக்கு, ஒன்று சென்னைக்கு. இங்கிருந்தே 77ஆம் எண் சாலை திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறது. 42ஆம் எண் சாலை குப்பம் வழியாக ஆந்திராவுக்குள் போகிறது. பழைய லாரி டிரைவர்கள் இந்த எண்களைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அது ஏழு, நாற்பத்தாறு, அறுபத்தாறு. எண்களை மாற்றியது 2010இல். நாக்கு மாற இன்னும் காலம் ஆகும்.

நாற்கரச் சாலைகள் போடும் திட்டம் வந்தபோது, நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரமும், வடக்கு–தெற்குப் பாதையும் ஒரே இடத்தில் தொட்டுக்கொள்ளும் ஊர்களில் ஒன்றாகக் கிருஷ்ணகிரி அமைந்தது. இவ்வளவு சாலை சேரும் ஊரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் எவ்வளவு தெரியுமா? எழுபத்தோராயிரத்துச் சொச்சம். அந்த எழுபத்தோராயிரம் பேரின் கடைவீதியில், நெடுஞ்சாலை உள்ளே ஓடிய காலத்தில், கன்னியாகுமரி லாரியும் காஷ்மீர் லாரியும் தக்காளி வண்டிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

புறவழிச்சாலை வந்தபோது கடைக்காரர்கள் பலர் தலையில் கை வைத்தார்கள். லாரிக்காரன் சாப்பிட நிற்கமாட்டான், கார்க்காரன் மாம்பழம் வாங்க நிற்கமாட்டான், இனி யாருக்கு விற்பது? டயர் கடை, பஞ்சர் கடை, பரோட்டாக் கடை, மெக்கானிக் பட்டறை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பைபாஸ் ஓரம் போய்ச் சேர்ந்தன. ஆனால் பெங்களூர் ரோடு காலியாகவில்லை. முன்னைவிட நெரிசல் அதிகம்தான் ஆனது. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே இப்போது அங்கே பெரிய கேள்வி.

வெளியூர் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, அவற்றால்தான் ஊர் பிழைக்கிறது என்று நாங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. நிஜமான வாடிக்கையாளர் வேப்பனப்பள்ளியிலிருந்தும் மகராஜகடையிலிருந்தும் பர்கூரிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர். தாலிக்குத் தங்கம், மோட்டாருக்குக் காயில், மாட்டுக்குத் தீவனம், பிள்ளைக்கு யூனிஃபார்ம். அவர் எந்தக் காலத்திலும் நெடுஞ்சாலையை நம்பி வரவில்லை. லாரிகள் விலகியதும் அவருக்கு நடக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த இடத்தையும் டூவீலர்கள் பிடித்துக்கொண்டது தனிக் கதை.

புளியும் பெங்களூராவும்

கடைவீதியின் காலண்டர் இரண்டு புளிப்பான பொருள்களால் ஆனது என்று சொல்லலாம். மாசி, பங்குனியில் புளி. சித்திரையிலிருந்து ஆடி வரை மாங்காய்.

புளிக்கும் சாலைக்கும் உள்ள உறவு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பழைய நெடுஞ்சாலைகளின் இரண்டு பக்கமும் நிழலுக்காக வைத்த மரங்கள் பெரும்பாலும் புளியமரங்கள். காய்க்கும் காலத்தில் அவற்றின் மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் உலுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்தால் அது பழையபேட்டை மண்டிக்கு வரும். சாலை சரக்கைச் சுமந்து வந்ததோடு நிற்கவில்லை, சாலையே காய்த்தது. ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலை வீடுகளில் நடக்கும். திண்ணையில் உட்கார்ந்து சின்ன இரும்புத் தடியால் தட்டித் தட்டி எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. விரல் கறுத்து, நகத்தில் புளிப்பு ஏறி, எரிந்துகொண்டே இருக்கும். கொட்டையும் வீணாகாது, மாவு ஆலைக்குத் தனியாகப் போகும். நாற்கரச் சாலைக்காக அந்த மரங்களில் ஏராளமானவை வெட்டப்பட்டன. மண்டிகள் இன்னும் இருக்கின்றன, சரக்கு தோப்புகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வருகிறது.

மாங்காயின் கதையில் மறுபடியும் அடுத்த ஊர்ப் பெயர் வந்துவிடுகிறது. இந்த மாவட்டத்தில் அதிகமாக விளையும் ரகம், கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த தோத்தாபுரி. இங்கே அதற்குப் பெயர் பெங்களூரா. அல்போன்சா, செந்தூரா, நீலம், மல்கோவா எல்லாம் உண்டு, கூடையில் வைத்து விற்க அவைதான் அழகு. ஆனால் டன் கணக்கு பேசும்போது பெங்களூராதான். சதை கெட்டி, சாறு நிறைய, கூழ் எடுக்க வசதி. மாவட்டத்தில் இருக்கும் மாங்கூழ் ஃபேக்டரிகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. நாம் டெட்ரா பாக்கெட்டில் உறிஞ்சும் மாம்பழ ஜூஸில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கூழ்தான். சீசன் முழுக்க மண்டிகளின் முன்னால் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும், எடைமேடையில் ரசீது கிழியும், அப்புறம் விலை கேட்டு முகம் தொங்கும். பூ பிடிக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் மழைக்கும் காற்றுக்கும் சேர்த்துப் பந்தயம் கட்டியிருப்பார். காய் அதிகம் வந்தால் விலை சரியும், குறைந்தால் விலை இருந்தும் காய் இருக்காது.

எல்லையோர ஊரின் சங்கடமும் இதில் உண்டு. 2025 ஜூனில் தோத்தாபுரி விலை படுத்துவிட்டபோது, ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. தங்கள் விவசாயிகளைக் காப்பாற்ற அவர்கள் செய்தது, அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். ஆனால் குப்பம் ரோட்டில் அரை நாள் வண்டி ஓட்டிப் பழகிய வியாபாரிக்கு, சாலை ஒரே நாளில் முட்டுச்சந்தாக மாறிவிட்டது.

ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாங்காய் பார்க்கப் போகிறவர்கள் குறைவு, ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் போகிறவர்கள் அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

எந்த?

பெங்களூர் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தெற்கத்திப் பையன் பட்ட அவஸ்தையைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி புடவையைத் தொட்டு "எந்த?" என்றார். "இந்த நீலம் இருக்கு, இந்தப் பச்சை இருக்கு, எந்தன்னு நீங்கதான் சொல்லணும் பாட்டி" என்றான் பையன். பாட்டி மறுபடியும் "எந்த?" பையன் இன்னும் நான்கு புடவையை எடுத்துப் போட்டான். கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே விலையைச் சொன்ன பிறகுதான் சிக்கல் அவிழ்ந்தது. தெலுங்கில் 'எந்த' என்றால் எவ்வளவு.

ஒரு மாதத்தில் அந்தப் பையனும் பழகிவிடுவான். எந்த, எஷ்டு, கித்னா, எவ்ளோ: நான்கு கேள்விக்கும் பதில் ஒன்றே. வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஊருக்குள் பேட்டைகளில் உருது, எல்லோருக்கும் பொதுவாகத் தமிழ். ஒரு பேரத்துக்குள் மொழி மூன்று தடவை மாறும், யாருக்கும் அது ஒரு செய்தியாகவே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் விற்கும் காவேரிப்பட்டணத்து நிப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊரில் அது தட்டை. இங்கே கன்னடப் பெயரோடு, கடலையும் காரமும் சேர்ந்து, இந்த ஊர்ப் பண்டமாகவே ஆகிவிட்டது.

சாப்பாடு என்றால் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். கடைவீதியில் பிரியாணி. வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ், கூடவே மோர் மிளகாய். இந்த வரிசை இன்னும் மாறவில்லை.

நாளும் பொழுதும் மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் ரோடு ஆறு மணிக்குப் பால் வண்டியோடு கண் விழிக்கும். இப்போது நாலரை, ஐந்துக்கே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. ஓசூரில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் வந்திருக்கும் புதிய ஆலைகளுக்கும் ஷிப்டுக்குப் போகிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு ரோட்டோரம் நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் சீக்கிரம் கடை திறப்பது அவர்களுக்காகத்தான். சம்பளம் வரும் முதல் வாரம் செல்போன் கடையிலும் நகைச் சீட்டு கவுண்டரிலும் தெரியும் முகங்களும் அவர்கள்தான். அம்மா புளி தட்டிய வீட்டில் மகள் செல்போன் பாகம் பூட்டுகிறாள். கடைவீதியில் யார் கையில் காசு இருக்கிறது என்பது மாறியிருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் எல்லோரையும்விட முன்னாலேயே கண்டுகொண்டார்கள்.

இந்தக் கடைக்காரர்கள் பில் போடும் பழக்கத்துக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது தன் சேலம் மாவட்டத்தில், அக்டோபர் 1ஆம் தேதி. கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ஜிஎஸ்டியைத் திட்டும் எங்கள் ஊர்க் கடைக்காரர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. "அதுவும் நம்ம ஊர்க்காரர் வேலையா?" என்று ஒரு பெருமை கலந்த சலிப்பு வரும்.

பேட்டையின் நெருக்கம்

பழையபேட்டைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. கடை முன்னால், வீடு பின்னால், குடோன் பக்கத்தில் என்பது பேட்டைகளின் அமைப்பு. மாட்டுவண்டிக் காலத்தில் அது புத்திசாலித்தனம். சரக்கு கண் பார்வையிலேயே இருக்கும், வாடகை மிச்சம், காவலுக்கு ஆள் வேண்டாம். சாலை பெருத்து வியாபாரம் வேறு இடங்களுக்குப் பரவிய பிறகும் இந்த அமைப்பு அப்படியே இருந்துவிட்டது. 2023 ஜூலை 29ஆம் தேதி காலை பழையபேட்டையில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்தது. பக்கத்தில் ஓட்டல், சுற்றிலும் வீடுகளும் கடைகளும். 9 பேர் இறந்துபோனார்கள். எப்படித் தீப்பிடித்தது என்பது பற்றி அப்போது பல விதமாகப் பேசினார்கள். எப்படிப் பிடித்திருந்தாலும், அந்த நெருக்கத்தில் இத்தனை உயிர் போக ஒரு தீப்பொறி போதும். குடியிருப்புக்குள் எந்தச் சரக்கை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற கேள்வியைப் பழைய பேட்டைகள் உள்ள ஊர்கள் எல்லாம் இன்னும் கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஊர் வெளியே போய்க்கொண்டே இருப்பதும் தெரிகிறது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரி அதற்குள் ஒரு தாலுகா. 2004 பிப்ரவரி 9இல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் கடைவீதிப் பக்கம் வரவில்லை, வெளியே நெடுஞ்சாலையோரம் போனது. 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி சென்னைச் சாலையில் போலுப்பள்ளியில். மனு கொடுக்கவும் மருந்து வாங்கவும் வருகிறவர்கள் முன்பு அப்படியே கடைவீதியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவார்கள். இப்போது அதற்கு இன்னொரு பஸ் ஏறவேண்டும்.

நெடுஞ்சாலை எங்களுக்குப் போக்குவரத்து மட்டும் இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் நாடே பார்த்தது. ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருதுவிடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் ஜனம் நேரே போய் உட்கார்ந்தது பெங்களூர் நெடுஞ்சாலையில்தான். மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன, கல்வீச்சு வரை போனது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு, வெளியே இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்கத் தெரிந்த ஒரே இடம் அந்தச் சாலைதான்.

இதற்கு நேரெதிரான ஒரு நினைவும் இருக்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட கொரோனாப் பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. இத்தனை மாநிலத்து வண்டிகள் கடக்கும் மாவட்டத்தில் ஒரு தொற்றும் பதிவாகவில்லை என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. மே மாதம் பிறந்ததும் அந்தப் பெருமை போய்விட்டது. அந்தச் சில வாரங்களில் ஒரு நாள் காலை பெங்களூர் ரோட்டில் நின்று பார்த்தேன். ஷட்டர்கள் மூடியிருந்தன. ஒரு வண்டி இல்லை. சாலை இவ்வளவு அகலமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரோட்டின் ஒரு முனையில், கட்டடங்களுக்கு மேலே, மலை முழுசாகத் தெரிந்தது.

போன மாதமும் வழக்கம்போல ராத்திரி பைபாஸில் இறங்கினேன். மேம்பாலத்தடியில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள். ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எங்கிருந்துண்ணா வர்றீங்க?"

"பெங்களூர்ல இருந்து."

"எங்க போவணும்?"

"பெங்களூர் ரோடு."

சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.